பதிலுக்கு நிற்கும் மான்

மிருகங்களுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், வேட்டைக்குப் போகிறவன் மானைக் கண்டதும் அம்பை விட்டுவிட முடியாது. முதலில் கேட்க வேண்டும்.

"ஒத்தையா, ரெட்டையா?"

இந்தக் குரல் காதில் விழுந்தால், எவ்வளவு வேகமாக ஓடுகிற மானும் நின்றுவிடும். கழுத்தைத் திருப்பி, கேட்டவனைப் பார்த்துப் பதில் சொல்லும். வயிற்றில் குட்டி இருந்தாலும், புல்லுக்குள் குட்டியைப் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தாலும் "ரெட்டை" என்று சொல்லும். வேடன் வில்லைத் தாழ்த்திவிட்டு, "போயிட்டு வா தாயி" என்பான். "ஒத்தை" என்கிற மான், சொன்ன கையோடு துள்ளி ஓடும். ஓடுகிற மானை அம்பு தொட்டால் அது வேடனுக்கு. தொடாவிட்டால் அது காட்டுக்கு.

நிற்கிற மானை மட்டும் யாரும் அடிக்கக் கூடாது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் மான் நின்ற அந்த இடம்தான் காட்டிலேயே பத்திரமான இடம். குட்டி மான்கள் அதை விளையாட்டாகவே விளையாடும். ஒன்று ஓடும், இன்னொன்று கேட்கும், ஓடியது நிற்கும்.

மான்கள் பொய் சொல்லலாமே, உயிர் பிழைக்க ஒரு "ரெட்டை" போதுமே என்று தோன்றும். ஆனால் அவை பொய் சொல்லவில்லை. ஓர் ஆண் மான் பொய் சொல்லித் தப்பித்தால், மறுநாள் ஒரு தாய் சொல்வதை வேடன் நம்ப மாட்டான். ஆண் மான்களுக்கு அது தெரியும். அதனால் தலையை நிமிர்த்தி "ஒத்தை" என்று சொல்லிவிட்டுத் தங்கள் கால்களை நம்பி ஓடும்.

மனிதர்கள் பங்குக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மலையில் முள்ளிலவ மரம் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். அந்தப் பூ தரையில் விழ ஆரம்பித்ததும் எல்லோரும் வில்லிலிருந்து நாணை அவிழ்த்துவிட வேண்டும். மான்கள் குட்டி போடுகிற பருவம் அது. உதிர்ந்த பூவைத் தின்னத் தாய் மான்கள் மரத்தடிக்கு வரும். பூ விழுந்த பிறகு வில்லில் நாண் ஏறினால் அது வேட்டையில் சேராது.

மழை ஏமாற்றிய ஒரு வருடம். சாமை கதிர் பிடிக்கவில்லை. கிழங்கு தோண்டின இடத்தையே மறுபடியும் தோண்டிப் பார்த்தார்கள். அந்தத் தை மாதத்தில்தான் பொன்னானின் மனைவி செவந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ஆரம்பத்தில் கொஞ்சம் பால் இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு, குழந்தை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. அழுகிற வரைக்கும் செவந்திக்குப் பயம் அவ்வளவு இல்லை. அழுகை பூனைக்குட்டியின் சத்தம் போல ஆனபோது பயந்தாள். அதுவும் நின்று, சும்மா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு கிடந்தபோது, அவளுக்குக் கை கால் ஓடவில்லை. குழந்தையின் உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. தூங்கும்போதெல்லாம் அதன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். வருகிறது என்று தெரிந்த பிறகும் விரலை எடுக்கப் பயமாக இருந்தது.

"புள்ள பெத்த உடம்புல கறிச்சாறு ஒரு வாய் இறங்கினா பால் தானா ஊறும். அவகிட்ட எதுவும் இல்ல மாப்ளே. எலும்புதான் இருக்கு" என்றான் நஞ்சன். அவன் செவந்தியின் அண்ணன். பொன்னானுடன் சேர்ந்து வேட்டைக்குப் போகிறவன்.

இரண்டு பேரும் தினமும் விடியும் முன் கிளம்பினார்கள். வேட்டைப் பருவம் முடியப் போகிற சமயம். எந்த மானைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது.

"ஒத்தையா, ரெட்டையா?"

"ரெட்டை."

"போயிட்டு வா தாயி."

ஒருநாள் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆண் மான் கிடைத்தது. கொம்பில் கொடி சுற்றிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. பொன்னான் கேட்டான்.

"ஒத்தைதான் மாமோய்!" என்று சொல்லிவிட்டு அது ஒரு துள்ளுத் துள்ளியது. பசியில் பொன்னானுக்குக் குறி தவறியது. அம்பு ஒரு கறையான் புற்றில் போய்க் குத்தி நின்றது.

"வில்லைக் கொண்டுபோய் வெயில்ல காய வை மாமா!" என்று தூரத்திலிருந்து மானின் குரல் வந்தது.

நஞ்சன் சிரித்துவிட்டான். "மாப்ளே, புத்தைத் தூக்கிட்டுப் போயி என் தங்கச்சிகிட்ட குடு. நல்லா மசாலா அரைச்சு வைப்பா."

பொன்னான் சிரிக்கவில்லை. அவன் புற்றிலிருந்து அம்பைப் பிடுங்கி, முனையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதைப் பார்த்து நஞ்சனுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று திரும்பி வரும்போதுதான் முள்ளிலவ மரத்தடியில் முதல் பூ கிடந்தது. தடித்த இதழ்களோடு, இப்போதுதான் விழுந்தது போல, சிவப்பாக.

நஞ்சன் அங்கேயே உட்கார்ந்து நாணை அவிழ்த்தான். அவிழ்த்த நாணைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "அவ்வளவுதான்" என்றான்.

"ஒரு பூதானே விழுந்திருக்கு மச்சான்."

"ஒண்ணு விழுந்தா விழுந்ததுதானே."

"குரங்கு பிச்சுப் போட்டிருக்கும்."

"குரங்கு மேல பழி போடறியா? அது கேட்டா சண்டைக்கு வரும்" என்றான் நஞ்சன். பிறகு பொன்னானின் முகத்தைப் பார்த்துக் குரலை மாற்றினான். "வேற ஏதாச்சும் பாப்போம். நான் பக்கத்து மலைக்குப் போயி தேன் இருக்கான்னு பாக்கறேன். ரெண்டு நாள்ல வந்துடுவேன். நீ நாணை அவுரு, மாப்ளே."

"வீட்டுக்குப் போயி அவுக்கறேன்" என்றான் பொன்னான்.

வீட்டில் செவந்தி விரலைக் குழந்தையின் மூக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூச்சு இருக்கா பாரு" என்றாள் அவனிடம். "எனக்கு இருக்கற மாதிரியும் தெரியுது, இல்லாத மாதிரியும் தெரியுது. நீ பாரு."

அவன் குனிந்து காதை வைத்துக் கேட்டான். இருந்தது. நூல் மாதிரி இருந்தது.

"இருக்கு புள்ள."

"நாளைக்கு?"

அவன் வில்லைச் சுவரில் சாய்த்து வைத்தான். நாணை அவிழ்க்கவில்லை.

விடிந்ததும் பொன்னான் மட்டும் தனியாக முள்ளிலவ மரத்துக்குப் போனான். தரையெல்லாம் பூ. ஒரு பூவை வேண்டுமானால் குரங்கு மேல் போடலாம். இத்தனை பூவை யார் மேல் போடுவது? அவன் கீழே பார்க்காமல் நடந்துபோய், பாறைக்குப் பின்னால் காற்றுக்கு எதிர்ப்புறமாக உட்கார்ந்துகொண்டான்.

வெயில் ஏறுவதற்குள் ஒரு பெண் மான் வந்தது. வரும் வழியில் புல்வெளிப் பக்கம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தது. மரத்தடிக்கு வந்து ஒரு பூவை வாயில் எடுத்தது. அவசர அவசரமாகத் தின்றது. சீக்கிரம் திரும்ப வேண்டியவள் தின்கிற மாதிரி தின்றது. பிள்ளை பெற்றவள் பார்த்திருந்தால் அந்த அவசரத்திலேயே புரிந்திருக்கும். பொன்னானுக்கும் புரிந்தது. புரிந்ததை அவன் மனசுக்குள் வரவிடவில்லை.

அவன் வில்லை இழுத்தான். வில்லின் மூங்கில் லேசாக முனகியது. மான் அந்தச் சத்தத்துக்கு வெடுக்கென்று பாய்ந்து ஓடியது. ஓடுகிற மானை அடிக்கிற கை அவனுக்கு இப்போது இல்லை. அது அவனுக்குத் தெரியும். புற்றில் குத்திய அம்புக்கும் தெரியும்.

அவன் கேட்டான்.

"ஒத்தையா, ரெட்டையா?"

மான் நின்றது.

பயம் கூட அதை விட்டுப் போய்விட்டது. கேள்வி வந்துவிட்டதே, இனி என்ன பயம்? அது கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தது. வாயில் பாதி மென்ற பூ இருந்தது. வாயில் தீனியோடு பதில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தது போல, அதை விழுங்கப் பார்த்தது.

அது சொல்லிவிட்டால் நான் வெறும் கையோடு போக வேண்டும் என்று பொன்னான் நினைத்தான். சொல்லாவிட்டால், ரெட்டை என்பது எனக்குத் தெரியாது.

மான் வாயைத் திறந்தது. பூவிதழ் கீழே விழுந்தது. அது தரையைத் தொடுவதற்குள் அம்பு போய்விட்டது.

"நான் கேட்டேன்" என்று பொன்னான் உரக்கச் சொன்னான். அங்கே யாரும் இல்லை. "நான் கேட்டேனே."

வேட்டையில் கிடைத்ததை முழுதாக வீட்டுக்குக் கொண்டுவந்து, பெண்கள்தான் அறுப்பார்கள். அன்று அவன் காட்டிலேயே அறுத்தான். தொடைக்கறியை மட்டும் எடுத்துத் துண்டில் கட்டிக்கொண்டு, மிச்சத்தைப் பாறை இடுக்கில் தழை போட்டு மூடினான். கையை ஓடையில் இரண்டு தடவை கழுவினான்.

செவந்தி ஒன்றும் கேட்கவில்லை. பசி கேள்வி கேட்காது. கறியைப் பானையில் போட்டு, மிளகும் உப்பும் தட்டிப்போட்டு, சாறு கொதிக்கிற வரைகூடப் பொறுக்காமல் ஊதி ஊதிக் குடித்தாள். பொழுது சாயும் முன்பே மார்பில் சுருக்கென்று ஒரு வலி வந்தது. அவள் குழந்தையை அள்ளி எடுத்து வைத்தாள். குழந்தை ஒருமுறை உறிஞ்சியது. மறுபடியும் உறிஞ்சியது. பிறகு, பல நாளாக வராத ஒரு சத்தம் வந்தது. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம்.

செவந்தி அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "ஏய், இங்க வந்து கேளு. குடிக்கறா, கேளு!"

அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

குழந்தை தூங்கிய பிறகுதான் அவள் துண்டைக் கவனித்தாள். கறி கட்டி வந்த துண்டு மூலையில் கிடந்தது. அதை நோக்கி எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ரத்தத்துக்கு வந்தவைதான் என்று உதறப் போனவள், துண்டை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் நின்றுவிட்டாள். ரத்த வாடைக்குள்ளே இன்னொரு வாசனை இருந்தது. அதே பால் வாசனை இப்போது அவள் சேலையிலும் இருந்தது.

"கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்."

"என்ன சொன்னுச்சு?"

அவன் அடுப்பை ஊதினான். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"உன்னைத்தான் கேக்கறேன். என்ன சொன்னுச்சு?"

"சொல்றதுக்குள்ள அம்பு போயிடுச்சு."

"அம்பு போயிடுச்சா, நீ விட்டியா?"

அவன் இன்னொரு விறகை அடுப்பில் தள்ளினான்.

"குட்டி எங்க?" என்றாள் செவந்தி.

அவள் குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவன் பின்னால் ஓடினான். வெயில் இன்னும் மரங்களின் தலையில் இருந்தது. முள்ளிலவ மரத்துக்கு அப்பால் புல்வெளியின் ஓரத்தில் மான் கூட்டம் நின்றது. ஆண், பெண், குட்டிகள் எல்லாமே இவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. வழக்கமாகக் கேலி பேசுகிற அந்தப் பெரிய ஆண் மானும் வாய் திறக்கவில்லை.

"குட்டி எங்க படுத்திருக்குன்னு சொல்லுங்களேன்" என்று செவந்தி அவற்றைக் கேட்டாள். "நான் கூட்டிட்டு வந்து விடறேன்."

"எங்களுக்குத் தெரியாது" என்றது ஒரு பெண் மான். "எந்தக் குட்டி எங்கே இருக்குன்னு அதோட அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நாங்களும் காலையிலேர்ந்து கூப்பிட்டுட்டுதான் இருக்கோம். அம்மா குரல் கேக்கற வரைக்கும் அது அசையாது."

செவந்தி புல்லுக்குள் இறங்கினாள். மிதித்துவிடக் கூடாதே என்று ஒவ்வோர் அடியையும் தடவித் தடவி வைத்தாள். "கண்ணு, வாடா கண்ணு" என்று கூப்பிட்டாள். புல் மட்டும் அசைந்தது. பொன்னான் இன்னொரு பக்கம் தேடினான். அவனும் கூப்பிட்டான்.

"குட்டி! ஏ குட்டி!"

அவன் காலடியிலிருந்தே ஒரு சின்னக் குரல் வந்தது.

"காலையில கேட்டது நீங்கதானே?"

புல்லை விலக்கினால், தரையோடு தரையாகக் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது குட்டி. புள்ளிகள்மேல் வெயில் விழுந்து, புல்லின் நிழல் எது, குட்டி எது என்று தெரியவில்லை. கண் மட்டும் அவனைப் பார்த்தது.

"உங்க குரல் எனக்குத் தெரியும்" என்றது. "ஒத்தையா ரெட்டையான்னு கேட்டீங்க. நான் இங்கேயே இருந்து கேட்டேன். அம்மா என்னைத்தானே சொல்லணும்? ஆனா அம்மா ஒண்ணுமே சொல்லல." கொஞ்சம் பொறுத்து, "என்னை மறந்துட்டாங்களா?" என்று கேட்டது.

பொன்னான் மண்டியிட்டான். அவனால் சும்மா இருந்திருக்க முடியும். அந்தக் குட்டி தன் அம்மா தன்னை மறந்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டு வளர்ந்திருக்கும்.

"மறக்கல" என்றான். "வாயைத் திறந்தாங்க. உன்னைச் சொல்லத்தான் திறந்தாங்க. நான்தான் அதைக் காதுல வாங்க நிக்கல."

குட்டி அதை யோசித்தது. முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. செவந்தி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குட்டி மூக்கை நீட்டி அவள் மார்பை முகர்ந்தது.

"உங்ககிட்ட எங்க அம்மா வாசம் வருது" என்றது.

செவந்தியால் தாங்க முடியவில்லை. குழந்தையை ஒரு பக்கம் ஒதுக்கி, குட்டியின் வாயை மறுபக்கம் சேர்த்துக்கொண்டாள். அது குடித்தது. எந்தத் தாயை அவள் தின்றாளோ, அந்தத் தாயின் பிள்ளைக்கே அந்தப் பாலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ பதில் வர்ற வரைக்கும் நின்னிருக்கணும்" என்றாள் பொன்னானிடம், முகத்தைப் பார்க்காமல்.

"நின்னிருந்தா நம்ம புள்ள?"

அவள் குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்தாள். மூச்சு சூடாக, நன்றாக வந்துகொண்டிருந்தது. வந்தது என்பதற்காக அவளால் வருத்தப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை. மறுநாள் தேனோடு வந்த நஞ்சன் ஒருநாள் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் பிற்காலத்தில் எத்தனையோ தடவை நினைத்திருப்பாள்.

குடித்து முடித்ததும் குட்டி கால்களை ஊன்றி எழுந்தது. அம்மா வாசம் வந்ததால், அம்மா கூப்பிட்டதாகவே அது எடுத்துக்கொண்டது. தள்ளாடித் தள்ளாடிக் கூட்டத்தை நோக்கிப் போனது. கூட்டம் விலகி அதை நடுவில் விட்டுக்கொண்டது. பேசிய பெண் மான் முன்னால் வந்தது.

"நிக்கற இடத்துல அடிச்சுட்டீங்க" என்றது. கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "நாங்க ஓடறப்ப அடிச்சதுக்கு என்னைக்காவது ஏதாவது சொன்னோமா? இனிமே கேக்காதீங்க. கேட்டாலும் சொல்றதுக்கு எங்ககிட்ட வார்த்தை இருக்காது."

மான்கள் மனிதர்களிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கூட்டம் ஒரே பாய்ச்சலாகக் காட்டுக்குள் ஓடியது. நடுவில் ஓடிய குட்டி மட்டும், மரங்களுக்குள் மறைவதற்கு முன் நின்றது. கழுத்தைத் திருப்பி, காதை நிமிர்த்தி, பொன்னானைப் பார்த்தது. அதற்கு இப்போது பதில் தெரியும். யாராவது கேட்டால் தன் அம்மாவையும் சேர்த்து "ரெட்டை" என்று சொல்ல அது தயாராக நின்றது.

பொன்னான் வாயைத் திறந்தான். கேட்க என்ன தகுதி என்று நினைத்தானோ என்னவோ, குரல் வரவில்லை. குட்டி கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு போய்விட்டது.

அந்தப் பெண் குழந்தை பிழைத்தது, வளர்ந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். பொன்னான் அன்று வீட்டுக்கு வந்து நாணை அவிழ்த்தான், திரும்பக் கட்டவே இல்லை. ஆனால் மற்ற வேடர்கள் கட்டினார்கள். நிற்கிற மானை அடிக்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டதே.

அன்று முதல்தான் மான்கள் பேசுவதில்லை. தாய் விட்டுப்போன இடத்தில், கால் வந்து மிதிக்கிற அளவுக்கு ஆள் கிட்டே வந்தாலும், குட்டி அசையாமல் கிடக்கிறது. உயிருக்குப் பயந்து ஓடுகிற மான்கூட, தப்பித்துவிட்டோம் என்று தெரிகிற அந்த இடத்தில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கிறது. இன்றைக்கும் அம்பு வருவது அந்தக் கணத்தில்தான். அதற்கும் அது தெரியும். இருந்தாலும், இந்தத் தடவையாவது யாராவது கேட்பார்களோ என்று நிற்கிறது.